அக்காவுக்கு விளங்காத பாட்டு

குருவுக்குத் தாடியும் சீடனுக்கு அரும்பு மீசையும் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பலெர்மோவுக்கு வந்தால் ஏமாந்துபோவார்கள். இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தாறு. பெயர் ஜெனிற்றா. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சீடனுக்கு வயது நாற்பது. பெயர் பகீரதன். அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகளைக் கழுவுகிற வேலை. அவன் எப்போதும் தொப்பியோடு திரிவது ராப் பாடுகிறவன் என்பதற்காக அல்ல, நடுத்தலையில் முடி போய்விட்டது என்பதற்காக.

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கிற அந்த ஊருக்கு யாழ்ப்பாணத்துச் சனம் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. ஜெனிற்றா அங்கேயே பிறந்தவள், ராப் பாடுகிறவள். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், மேடையில் சிசிலியன் பேச்சு. சந்தையில் மீன் வெட்டுகிறவர்கள்கூட அவளுடைய வரிகளை முணுமுணுப்பார்கள். சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு பழைய கராஜில் ராப் எழுதச் சொல்லிக்கொடுப்பாள். ஏழெட்டுப் பேர் வருவார்கள். பகீரதன் அவளை ரீச்சர் என்பான், அவள் அவனை அண்ணை என்பாள்.

கராஜின் சுவரில் ஒரே ஒரு சட்டம் எழுதியிருக்கும்: பாட்டில் வருகிற ஆளுக்கு முதலில் பாடிக் காட்டு.

பீட் கிடையாது, மைக் கிடையாது. அந்த ஆள் இருக்கும் இடத்துக்குப் போய், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மேடை. மின்சார வேலை செய்கிற பீனோ என்ற சிசிலிக்காரன் தன் மாமியாரின் சமையலைப் பற்றி ஒரு பாட்டு எழுதினான். போய்ப் பாடிக் காட்டினான். இரண்டு வாரம் அந்த வீட்டில் அவனுக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. ஆனாலும் மேடையில் பாடினான். மாமியார் மூன்றாம் வரிசையில் இருந்து, முறைத்துக்கொண்டேதான், கடைசிவரை கேட்டார்.

பகீரதன் இதுவரை மேடை ஏறியதில்லை. பதினைந்து வயதில் யாழ்ப்பாணத்தில் அவன் கைக்கு ஒரு பாட்டுக் கசற் கிடைத்தது. அமெரிக்க ராப். ஒரு சொல்லும் விளங்கவில்லை. அந்தக் குரலில் இருந்த கோபம் மட்டும் விளங்கியது. அன்றிலிருந்து இருபத்தைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். படிக்கட்டைக் கழுவும்போதும் காதில் அதுதான்.

அந்தச் சனிக்கிழமை ஜெனிற்றா ஒரு சேதி சொன்னாள். வட்டாரத்துக் கோடை விழாவில் கராஜுக்கு ஒரு பாட்டு தந்திருக்கிறார்கள். ஒன்றே ஒன்று. அடுத்த ஞாயிறு மாலை ஏழு மணிக்கு.

பகீரதனுக்கு அந்த ஒன்று தனக்கே வேண்டும் என்று இருந்தது. பீனோவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் உடனே சண்டை தொடங்கிவிட்டது. சண்டை நடந்தது இத்தாலியனில். நான் நம்முடைய தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

"உங்கட ஆக்களின்ர ராப், ராப்பே இல்லை," என்றான் பகீரதன். "தொப்பி அமெரிக்காவில இருந்து எடுத்தது. காற்சட்டை அங்க இருந்து எடுத்தது. கையை இப்பிடி ஆட்டுறதும் அங்க இருந்துதான்."

"பீட்டை எடுத்தம். அதுக்குள்ள யோசனையை நாங்கள் போட்டம்," என்றான் பீனோ. "உன்ர அமெரிக்காக்காரன் என்ன சொல்லுறான்? என்ர கார் பெரிசு, என்ர சங்கிலி பெரிசு. எங்கட ஆக்கள் ஆலை மூடினதைப் பாடினவை. மாஃபியாவைப் பாடினவை. மனுசன் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறான் எண்டு பாடினவை. அதுதான் தத்துவம்."

"தத்துவம் புத்தகத்தில கிடக்கு. நீங்கள் படிச்சதைப் பாடுறியள். அவன் பட்டதைப் பாடுறான்."

"பட்டவன் ஏன் கார் விளம்பரம் மாதிரிக் கதைக்கிறான்?"

"காயம் இருக்கிறவன் எப்பிடியும் கதைக்கலாம். காயம் இல்லாதவன் பாடவே கூடாது."

"அப்ப என்ர மாமி என்னைச் சுடுதண்ணியில தள்ளினால்தான் நான் பாடலாமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். பகீரதன் சிரிக்கவில்லை. இருபத்தைந்து வருடம் கும்பிட்ட ஒன்றைப் பார்த்து ஒருவன் சிரித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவன் ஜெனிற்றாவின் பக்கம் திரும்பினான்.

"ரீச்சர், நீங்களே சொல்லுங்கோ. எது உண்மை? அமெரிக்கனோ, இத்தாலியனோ?"

"திங்கட்கிழமை காலமை எத்தினை மணிக்கு வேலை?"

"ஒன்பதுக்கு."

"அப்ப ஏழுக்கு பல்லரோ சந்தைக்கு வாங்கோ. மீன் வாங்குவம்."

"நான் கேட்டது ராப்பைப் பற்றி."

"ஓம். எனக்கு மீன் வேணும்," என்றாள் ஜெனிற்றா.

*

பல்லரோ சந்தையில் பேச்சு என்று ஒன்று கிடையாது, எல்லாம் கூவல்தான். தக்காளிக்காரன் ஒரு ராகம், ஒலிவ்காரன் ஒரு ராகம். எல்லாவற்றுக்கும் மேலே மீன்காரன் தூரியின் தொண்டை.

"உயிரோட இருக்கு! உயிரோட இருக்கு! பாருங்கோ, கதைக்குது!"

ஐஸின் மேலே சாளை மீன்கள் வாயைப் பிளந்தபடி கிடந்தன. செத்து எட்டு மணித்தியாலமாவது இருக்கும்.

ஜெனிற்றா ஒரு மீனின் வாலைப் பிடித்துத் தூக்கினாள். "தூரி, இது உயிரோடையோ?"

தூரி அவளை ஒருமாதிரிப் பார்த்தான். "உனக்கு இண்டைக்குக் காய்ச்சலோ?"

"நீதானே கத்துறாய்."

"நான் கத்தாமல் மீனோ கத்தும்?"

பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி கூடையோடு நின்றிருந்தார். ஜெனிற்றா அவரிடம் கேட்டாள். "சின்னோரா, இவன் பொய் சொல்லுறானோ?"

"தூரியோ? முப்பது வருசமா இவனிட்டத்தான் வாங்கிறன். இவன் கூவாட்டில்தான் எனக்குச் சந்தேகம் வரும்," என்றார் அந்தப் பெண்மணி.

தூரி பெருமையோடு அவருடைய சாளைகளை அள்ளித் தராசுத் தட்டில் போட்டான். தட்டின் ஓரத்தில் அவனுடைய சின்னவிரல் சும்மா இளைப்பாறுவதுபோல் இருந்தது. பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். கூடைக்குள் இருந்த பெருஞ்சீரகத் தண்டுக் கட்டை எடுத்து அந்த விரலில் ஒரு தட்டுத் தட்டினார். தூரி விரலை எடுத்தான். தராசின் முள் கீழே இறங்கியது. இரண்டு பேரும் ஒன்றும் நடக்காததுபோல் மழை வருமா வராதா என்று பேசத் தொடங்கினார்கள்.

பகீரதனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சந்தையை விட்டு வெளியே வந்ததும் சொன்னான்.

"விளங்கீட்டுது ரீச்சர். அமெரிக்காக்காரன் கார், சங்கிலி எண்டு சொல்லுறது தூரியின்ர கூவல். அதைப் பொய்யெண்டு ஆரும் எடுக்கிறேல்லை. இதை நான் பீனோவுக்குச் சொல்ல வேணும்."

"சொல்லுங்கோ," என்றாள் ஜெனிற்றா. மீன் பொதியைக் கை மாற்றிக்கொண்டு கண்ணாடிக் கடையைப் பார்த்து நடந்தாள்.

*

அடுத்த சனிக்கிழமை பகீரதன் தன் பாட்டைக் கொண்டுவந்தான். பதினாறு வரி. இத்தாலியனில் எழுதி, ஆறு மாதமாக எவருக்கும் காட்டாமல் வைத்திருந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னான். இப்படித் தொடங்கியது:

மழை கொட்டிய அந்த மே மாதம்
மண்ணுக்குள் நான் உயிரோடு கிடந்தேன்
தலைக்கு மேலே வானம் உடைந்தது
அம்மாவின் பெயரை நான் மறந்தேன்

வன்னியில், கடைசிப் போரில், பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் கிடந்த ஒருவனின் கதை. பாட்டு முடிந்தது. மாமியாருக்கே பயப்படாத பீனோ கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நான் இனிக் கதைக்க மாட்டன். நாளைக்கு இவன்தான் பாட வேணும். இவன் பட்டதைப் பாடுறான்," என்றான் பீனோ.

பகீரதனுக்கு உச்சி குளிர்ந்தது. இருபத்தைந்து வருடம் இதற்காகத்தானே.

"நல்லாச் சொன்னீங்கள் அண்ணை," என்றாள் ஜெனிற்றா. "ஆருக்குப் பாடிக் காட்டினனீங்கள்?"

"இதில வாறது நான் மட்டும்தானே. கண்ணாடிக்கு முன்னால நிண்டு பாடினனான். கண்ணாடி ஒண்டும் சொல்லேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெனிற்றாவும் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"நாளைக்கு மங்களக்கா வருவாவோ?"

மங்களேஸ்வரி பகீரதனின் அக்கா. அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். போர் முடிந்து நாலு வருடத்துக்குப் பிறகு பலெர்மோவுக்கு வந்தவள். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

"வராமல்? முன் வரிசையில இருப்பா. எல்லாருக்கும் ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு வாறாவாம்."

"பாட்டு விளங்குமோ?"

"எங்க விளங்கிறது! அக்காவின்ர இத்தாலியன் கூட்டித் துடைக்கிற வாளியோடையும் தும்புத்தடியோடையும் முடிஞ்சிடும். பரவாயில்லை ரீச்சர். அவ கைதட்டுவா."

சொன்ன பிறகுதான் அவனுக்குத் தன் குரல் காதில் விழுந்தது. முகம் கறுத்துப்போனது. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

மற்றவர்கள் போகும்வரை ஜெனிற்றா வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கராஜில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"அக்காவுக்குத் தமிழில சொல்லிக் காட்டுங்கோ," என்றாள்.

"அவ இந்தப் பாட்டில இல்லையே."

"இல்லையெண்டால் என்ன பயம்?"

பகீரதனுக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் அவனுக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"நீங்கள்தானே ரீச்சர் மீன்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்! தூரி செத்த மீனை உயிரோட இருக்கு எண்டுறான். அது பொய் இல்லையாம். நான் பங்கருக்குள்ள இருந்தனான் எண்டால் மட்டும்..."

அங்கேயே நின்றுவிட்டான். அவனாகவே வாயைக் கொடுத்துவிட்டான்.

ஜெனிற்றா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. "கூவலாம் அண்ணை," என்றாள். "தூரி விரலை ஏன் எடுத்தவன்?"

"அந்த மனுசி பாத்துக்கொண்டு நிண்டவ."

"அக்காவும் ஒருக்காப் பாக்கட்டும்."

"அவ பிழையெண்டு சொன்னால்?"

"பீனோவின்ர மாமியின்ர பாட்டு இருக்கு. நாளைக்கு அதைப் போடலாம்."

பகீரதன் கராஜை விட்டு வெளியே வந்தான். சொல்லாவிட்டால் மேடை இல்லை. சொன்னால் அக்கா இல்லாமல் போகலாம். வீட்டுக்குப் போகிற வழி அன்று அவனுக்கு மிகவும் நீளமாக இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் மங்களேஸ்வரி பெல்லெக்ரீனோ மலைக்குப் போவாள். மேலே குகைக்குள் புனித ரொசாலியா இருக்கிறாள். கிறிஸ்தவர், சைவர் என்ற பேதம் இல்லாமல் பலெர்மோத் தமிழர் எல்லோரும் ஏறுவார்கள். மங்களேஸ்வரி நெற்றியில் விபூதியோடுதான் போவாள். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவாள்.

அன்று தம்பியும் கூட வந்தது அவளுக்கு ஆச்சரியம். "என்ன, படி கழுவுற வேலையை விட்டிட்டுச் சாமியாராப் போறியோ?" என்று கேட்டாள்.

இருவரும் ஏறினார்கள். கல் பாவிய பாதை. பகீரதனுக்கு எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. எதையாவது பேச வேண்டும் என்பதற்காகக் கேட்டான்.

"அக்கா, இது எங்கட சாமி இல்லையே. இத்தாலியன்காரற்ற சாமியெல்லோ. உங்களுக்கு ஒருமாதிரி இருக்கிறேல்லையோ?"

மங்களேஸ்வரி நின்று, காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினாள். குதிக்காலில் காய்ந்த கொப்புளம் ஒன்று, அதன் பக்கத்தில் புதிது ஒன்று.

"சாமி அவையின்ர. கொப்புளம் என்ர," என்றாள். மறுபடி நடந்தாள்.

மூன்றாவது வளைவில் ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். கீழே ஊரும் துறைமுகமும் தெரிந்தன. பகீரதன் காற்சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தான்.

"அக்கா, பின்னேரம் நான் பாடப்போற பாட்டு. தமிழில சொல்லிக் காட்டட்டோ?"

"சொல்லன். உன்ர ராப்பு எனக்கெங்க விளங்கிறது. இப்பவாவது விளங்கட்டும்," என்றாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளையின் பாட்டைக் கேட்க இருப்பவள்போல் சிரித்த முகத்தோடு இருந்தாள்.

அவன் சொன்னான். தாளைப் பார்த்துத்தான் சொன்னான். முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அவனால் முடியவில்லை.

இந்தப் பங்கரின் கதையை அவள் அவனுக்கு ஒரே ஒரு தரம் சொல்லியிருந்தாள். பலெர்மோவுக்கு வந்த முதலாவது குளிர்காலத்தில், உடுப்பு அயன் பண்ணிக்கொண்டு, அயன்பெட்டியை விட்டுக் கண் எடுக்காமல் சொன்னாள். அதற்குப் பிறகு அவளும் சொல்லவில்லை, வேறு யாரும் கேட்கவுமில்லை. அன்று இரவே அவன் அதை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தான்.

பதினாறு வரியும் முடிந்தது. மங்களேஸ்வரி தண்ணீர்ப் போத்தலின் மூடியை இறுக்கித் திருகினாள். பிறகும் திருகினாள்.

"அண்டைக்கு மழை இல்லை," என்றாள்.

"தெரியும் அக்கா. எதுகைக்குப் போட்டனான்."

"வெய்யில். தண்ணி இல்லாமல் நாக்கு ஒட்டிப்போய்க் கிடந்தனாங்கள். மழை பெய்திருந்தால் வாயைத் திறந்து குடிச்சிருப்பமடா."

அவன் தாளை மடித்தான்.

"நான் அதுக்குள்ள கிடக்கேக்க மனசுக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்தது," என்றாள் அவள். "தம்பியெண்டாலும் தூர இருக்கிறான், அவன் இதுக்குள்ள இல்லை எண்டு. நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தனான். நீ என்னடாவெண்டால் இப்ப வந்து உள்ளுக்க இருக்கிறாய்."

அவளுக்குக் கோபம் வந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் கோபப்படவில்லை. பைக்குள் போத்தலை வைத்துக்கொண்டு எழும்பினாள்.

"நீ வாறியோ, நிக்கிறியோ? நேரம் போகுது, நான் ரோல்ஸ் சுத்த வேணும்."

அவன் கல்லிலேயே இருந்தான். அவள் தனியாக மேலே ஏறிப் போனாள். அக்காவின் வெறுங்கால் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்த பகீரதனுக்கு, நாற்பது வயதில், அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

*

நாலு மணிக்குக் கராஜுக்குப் போனான். ஜெனிற்றாவும் பீனோவும் ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பகீரதன் தாளை மேசையில் வைத்தான்.

"பீனோ பாடட்டும். என்னட்டப் பாட்டு இல்லை," என்றான். பிறகு பீனோவைப் பார்த்து இத்தாலியனில் சொன்னான். "அது நான் பட்டது இல்லை. என்ர அக்கா பட்டது. நான் அப்ப இஞ்ச படி கழுவிக்கொண்டு இருந்தனான்."

பீனோ ஒலிபெருக்கியின் வயரைக் கீழே வைத்தான்.

ஜெனிற்றா தன் கைப்பைக்குள் இருந்து ஒரு படத்தை எடுத்து அந்தத் தாளின் மேல் வைத்தாள். வெள்ளைச் சட்டை போட்ட பத்து வயதுப் பெண்பிள்ளை, தலையில் பூமுடி, முன்னால் பெரிய கேக். ஜெனிற்றாவுடைய முதல்நன்மை விழா, தேவாலயத்தில் முதன்முதல் நற்கருணை வாங்குகிற நாள். பலெர்மோவில் அது மே மாதத்தில்தான் வரும். படத்தின் மூலையில் 2009 மே என்று தேதி அச்சாகியிருந்தது. கேக்குக்குப் பின்னால், கதவடியில், கையில் ரோல்ஸ் தட்டோடு ஒரு மெலிந்த இளைஞன். தலை நிறைய முடி. மற்றக் கையால் போனைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தான்.

பகீரதன் படத்தில் இருந்த தன்னையே பார்த்தான்.

"அப்ப நேற்றே தெரியுமோ உங்களுக்கு?"

"முதலாவது வரியிலேயே தெரியும்."

"ஏன் சொல்லேல்லை ரீச்சர்?"

"அது என்ர பாட்டு இல்லையே," என்றாள் ஜெனிற்றா. "அண்ணை, எனக்கு அண்டைக்குச் சரியான கோபம். ரோல்ஸ் கேட்டால் தராமல் தட்டோட வெளியில ஓடினனீங்கள். பேந்தும் ஓடினனீங்கள். ஆருக்கு அடிச்சனீங்கள்?"

"அக்காவுக்கு."

"என்ன சொன்னவ?"

"அக்கா எடுக்கேல்லை. எடுத்தது அந்த மெசின்."

"மெசின் என்ன சொன்னது?"

அவன் யோசிக்கவே இல்லை. பதினாறு வருடமாக மறக்காத ஒன்றை அப்படியே ஒப்புவித்தான். "நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தற்போது தொடர்புகொள்ள முடியாதுள்ளது. சற்று நேரத்தின் பின் மீண்டும் முயற்சிக்கவும்."

"பேந்து?"

"முயற்சிச்சனான்."

"பேந்து?"

"நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தற்போது தொடர்புகொள்ள முடியாதுள்ளது. சற்று நேரத்தின் பின் மீண்டும் முயற்சிக்கவும். நான் ஆறாம் மாடி கழுவினனான். முயற்சிச்சனான். அஞ்சாம் மாடி கழுவினனான். முயற்சிச்சனான். நாலாம் மாடி..."

பீனோவுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனால் அவனுடைய விரல்கள் பெயின்ற் வாளியின் அடியில் தட்டத் தொடங்கிவிட்டன. ஒவ்வொரு 'முயற்சிச்சனான்' என்பதற்கும் ஒரு தட்டு.

பகீரதன் சட்டென்று நிறுத்தினான். "இது பாட்டே ரீச்சர்? இதில ஒண்டும் நடக்கேல்லையே. ஒரு காயமும் இல்லை. படி கழுவினதும் போன் அடிச்சதும்தான்."

ஜெனிற்றா சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் போய் இருந்தான்.

ஆறு மணிக்கு மங்களேஸ்வரி ரோல்ஸ் தட்டோடு வந்தாள். முகம் கழுவி, நல்ல சீலை கட்டியிருந்தாள். காலையில் நடந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அக்கா, ஒருக்கா நில்லுங்கோ," என்றான் பகீரதன்.

அவள் கதவடியில் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். அவன் அவளுக்கு முன்னால் போய் நின்றான். இந்தத் தடவை தாள் அவனுடைய பையிலேயே இருந்தது. முகத்தைப் பார்த்துச் சொன்னான். ஆறாம் மாடியிலிருந்து நிலம்வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தான். முதல்நன்மை விழாவில் கேக் வெட்டியபோது கதவடியில் நின்றான். அந்த மெசின் பெண் மூன்று பாஷையில் மறுத்தாள். அவன் முயற்சித்தான்.

முடிந்ததும் மங்களேஸ்வரி கேட்டாள்.

"எத்தினை தரமடா அடிச்சனீ?"

"தெரியாது அக்கா."

"நாங்கள் போனைச் சீலைத் துண்டில சுத்தி மண்ணுக்குள்ள தாட்டிட்டெல்லோ வெளிக்கிட்டனாங்கள்," என்றாள். "மண்ணுக்குள்ள கிடந்ததுக்கே நீ அடிச்சுக்கொண்டு இருந்தனீ?"

அவன் தலையாட்டினான்.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். இரண்டு கையாலும் அவனுடைய முகத்தைப் பிடித்து, தொப்பியை நேராக வைத்துவிட்டாள். தட்டில் இருந்து ஒரு ரோல்ஸை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "நான் போய் முன் வரிசையில இடம் பிடிக்கிறன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏழு மணி ஆகிக்கொண்டிருந்தது. சதுக்கத்தில் சனம் கூடுகிற சத்தம் கேட்டது. ஜெனிற்றா மைக்கை அவனிடம் நீட்டினாள். பகீரதன் வாங்கினான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"ரீச்சர், இது முழுக்கத் தமிழிலயெல்லோ கிடக்கு. இத்தாலியனுக்கு மாத்த நேரமில்லை. வெளியில நிக்கிற சனத்துக்கு ஒரு சொல்லும் விளங்காதே!"

"பரவாயில்லை அண்ணை," என்றாள் ஜெனிற்றா. "அவை கைதட்டுவினம்."